காய் நகரும்போது மனம் என்ன செய்கிறது?

தருமபுரிப் பக்கம் புளிக்குப் பேர் போனது. புளி தட்டும் நாட்களில் குவியும் கொட்டையில் ஒரு பிடி எப்படியும் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். நாலு கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தை வெள்ளை தெரியும்வரை கல்லில் தேய்த்துவிட்டால் தாயம் ஆடத் தனிக் கட்டை வேண்டாம். உருட்டியதும் எத்தனை வெள்ளை மேலே கிடக்கிறதோ அத்தனை கட்டம் காய் நகரும்.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கொட்டையும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழச் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நாலு கொட்டையும் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 16. அதில் இரண்டு வெள்ளை வருவது 6 விதம். ஒரு வெள்ளை 4 விதம், மூன்று வெள்ளை 4 விதம். நாலும் வெள்ளை ஒரே விதம், நாலும் கறுப்பு ஒரே விதம். 1, 4, 6, 4, 1 என்ற இந்த வரிசைதான் பதினொன்றாம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றமாக வந்து மாணவர்களை மிரட்டுகிறது. காலமெல்லாம் தாயம் ஆடிய பாட்டிக்கு, இரண்டு அடிக்கடி விழும், நாலு அபூர்வம் என்பது கைப்பழக்கத்திலேயே தெரியும். எந்தக் காயை வெளியே விடலாம், எதை ‘மலை’ என்னும் வெட்டுப்படாத கட்டத்தில் ஏற்றிப் பத்திரமாக வைக்கலாம் என்று அதை வைத்தே முடிவெடுப்பார். அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அவரால் போட முடியாது.

அப்படியானால் பாட்டி நிகழ்தகவு கற்றாரா, இல்லையா? விளையாட்டுவழிக் கற்றலை ஆராய்பவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

தாயக்கட்டம் வரைந்த திண்ணையில் இன்று செல்பேசி இருக்கிறது. பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது. பிள்ளை விளையாடிக்கொண்டே கணக்கும் ஆங்கிலமும் கற்றுவிடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், தருமபுரி மாவட்டத்தில் 68.54 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி இடம். பெற்றோர் பெங்களூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போக, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத குடும்பத்துக்கு அந்த விளம்பரம் பெரிய ஆறுதல். அதில் எவ்வளவு உண்மை? நாற்பது ஆண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளைப் படித்தால் ஒரு விடை தெளிவாகத் திரண்டு வருகிறது: விளையாட்டில் அடுத்த நகர்த்தலுக்கு மனம் எந்த வேலையைச் செய்தாக வேண்டுமோ, அந்த வேலையைத்தான் பிள்ளை கற்கிறது. அதைச் சுற்றியுள்ள வண்ணமும் இசையும் பரிசும் பிள்ளையை உட்கார வைக்கும், கற்பிக்காது.

எண் எழுதிய பலகையும் வண்ணம் தீட்டிய பலகையும்

முதல் சான்று கணினியிலிருந்து வரவில்லை, ஓர் அட்டைப் பலகையிலிருந்து வருகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் வறுமையான குடும்பங்களின் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய விளையாட்டைக் கொடுத்தார்கள். நேர்க்கோட்டில் பத்துக் கட்டம். 1 முதல் 10 வரை எண். சுழலும் முள் ஒன்றோ இரண்டோ காட்டும். காயை நகர்த்தும்போது பிள்ளை அந்தக் கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நாலு முறை, ஒவ்வொன்றும் சுமார் 15 நிமிடம். இன்னொரு குழுவுக்கும் இதே விளையாட்டுதான். கட்டங்களில் எண்ணுக்குப் பதில் வண்ணம். பிள்ளை சொல்ல வேண்டியது வண்ணத்தின் பெயர்.

2008இல் வெளியான முடிவு இது: எண் பலகையில் ஆடியவர்கள் எண்களை ஒப்பிடுவதிலும், எண்ணுவதிலும், எண்கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் காட்டுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. வண்ணப் பலகையில் ஆடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இரு குழுவும் ஆடிய நேரம் ஒன்று, ஆட்டமும் ஒன்று. வாய் சொன்ன சொல் மட்டும் வேறு.

நம் பரமபதத்துக்கு நெருங்கிய சோதனையை எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்டார்கள். இப்போது பலகையில் 100 வரை எண்கள். பிள்ளையின் காய் 27இல் நிற்கிறது, 4 விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் காயைத் தட்டித் தட்டி ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று எண்ணுவோம். இன்னொரு வழி, கட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று’ என்று சொல்லிப்போவது. இரண்டாவது வழியில் ஆடிய பிள்ளைகள் 100 வரையிலான எண்களின் அளவை நன்றாக உணர்ந்தார்கள். ஒன்றிலிருந்து எண்ணி ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பலகையும் பாம்பும் ஏணியும் மாறாமலே, ஒரு விதியை மாற்றினால் பரமபதம் பொழுதுபோக்கிலிருந்து பாடமாகிவிடும்.

தவறு தானே பேச வேண்டும்

கணினி உள்ளே வந்ததும் ஒரு புதிய வசதி சேர்ந்தது: உடனடி பதில். பயிற்சி நோட்டில் செய்த தவறு பிள்ளைக்குத் தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். எங்கே பிசகியது என்பதை அது சொல்லாது.

1980களின் தொடக்கத்தில் தாமஸ் மலோன், கணினி விளையாட்டு ஏன் இப்படி இழுத்துப் பிடிக்கிறது என்று ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட விளையாட்டுகளில் ஒன்று ‘டார்ட்ஸ்’. திரையில் ஓர் எண்கோடு. அதில் சில பலூன்கள். பலூன் இருக்கும் இடத்தைப் பின்னமாகத் தட்டச்சு செய்தால் அந்த இடத்துக்கு அம்பு பாயும். சரியென்றால் பலூன் உடையும். தவறென்றால், பிள்ளை சொன்ன இடத்திலேயே அம்பு குத்தி நிற்கும். மூன்றில் ஒன்று என்று சொன்னாய், அது இங்கே இருக்கிறது, பலூன் இன்னும் மேலே இருக்கிறது: இதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, அம்பே காட்டிவிடுகிறது. அடுத்த ஊகம் முதல் ஊகத்தைவிட நெருங்கி வரும்.

மலோன் இந்த விளையாட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். இசை இல்லாமல் ஒன்று, பலூன் உடையாமல் ஒன்று எனப் பல வடிவங்கள். பலூன் உடைவது பையன்களுக்குப் பிடித்தது. பெண் பிள்ளைகளுக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் பிடித்த விளையாட்டு என்று ஒன்று இல்லை என்பதை இத்துறை தன் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது.

ஆட்டத்தின் இழுப்புக்கு மூளையில் ஒரு தடயம் உண்டு. 1998இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் எட்டு ஆண்களை, திரையில் ஒரு பீரங்கி வண்டியை ஓட்டும் விளையாட்டை ஆடவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். ஆடும்போது மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் சுரப்பது பதிவானது. ஆட்டத் திறமை கூடியவர்களுக்கு அது கூடுதலாகவே இருந்தது. இதை வைத்துக்கொண்டு ‘டோபமின் சுரந்தால் பாடம் ஏறும்’ என்று சொல்பவர்கள் உண்டு. அது அவசர முடிவு. டோபமின் அணுக்களைப் பற்றி உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் போன்றோர் காட்டியது வேறு: எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் அவை துடிக்கும், எதிர்பார்த்தபடியே நடந்தால் அடங்கிக் கிடக்கும். அதனால்தான் எப்போதும் ஜெயிக்கும் ஆட்டம் அலுக்கிறது, எப்போதும் தோற்கும் ஆட்டம் வெறுத்துப்போகிறது. முயன்றால் எட்டும் உயரத்தில் சவால் இருக்கும்போது மனம் ஒட்டிக்கொள்கிறது. எதில் ஒட்டிக்கொள்கிறது என்பதை மூளை வேதியியல் முடிவு செய்வதில்லை. விளையாட்டை வடிவமைத்தவர் முடிவு செய்கிறார்.

எலும்புக்கூட்டின் மார்பில் ஓர் எண்

சந்தையில் விற்கும் பல ‘கல்வி விளையாட்டு’களின் கட்டமைப்பு ஒரே மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் ஓட்டம், தாவல், சுடுதல். நடுவில் திரை நின்று ஒரு பெருக்கல் கேள்வி. விடை சொன்னால் மறுபடி ஓட்டம். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் பொதித்துக் கொடுக்கும் வேலை இது. பிள்ளைகள் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பத் தெரிந்தவர்கள்.

இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷரோன் எய்ன்ஸ்வொர்த் இருவரும் இந்தக் கட்டமைப்பையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். அவர்கள் உருவாக்கிய ‘ஸாம்பி டிவிஷன்’ விளையாட்டில் எலும்புக்கூடுகள் தாக்க வரும். ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். வீரன் கையிலிருக்கும் ஆயுதம் ஒவ்வொன்றும் ஒரு வகுக்கும் எண். மார்பில் உள்ள எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தை எடுத்தால்தான் எலும்புக்கூடு சிதறும். இங்கே வகுத்தல்தான் சண்டை. இரண்டாவது வடிவத்தில் அதே சண்டை எண் இல்லாமல் நடக்கும். அதே வகுத்தல் கேள்விகள் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தனித் தேர்வாக வரும்.

முதல் வடிவத்தை ஆடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, வகுத்தலே சண்டையாக இருந்த வடிவத்தில் ஏழு மடங்குக்கும் மேலான நேரம் செலவிட்டார்கள். 2011இல் வெளியான இந்த ஆய்வு, பாடம் கலந்தால் விளையாட்டு கசக்கும் என்ற பயம் வீண் என்று காட்டியது. கசப்பு பாடத்தில் இல்லை, ஒட்டுப்போட்ட விதத்தில் இருக்கிறது.

மறுபக்கச் சான்றும் உண்டு. டெட்ரிஸ் ஆடினால் உருவங்களை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கும் திறன் பொதுவாக வளரும் என்று பலர் நம்பினார்கள். வேலரி சிம்ஸ், ரிச்சர்ட் மேயர் இருவரும் 2002இல் சோதித்தபோது, டெட்ரிஸில் வரும் உருவங்களையும் அவற்றை ஒத்தவற்றையும் சுழற்றுவதில் மட்டுமே ஆட்டக்காரர்கள் சிறந்திருந்தார்கள். ஆட்டம் கேட்டது அந்த வேலையை, கிடைத்ததும் அதுதான்.

0.33 என்றால் எவ்வளவு?

தனித்தனி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம். அதனால் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து எடைபோடும் முறை வந்தது. டக்ளஸ் கிளார்க் குழுவினர் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, டிஜிட்டல் விளையாட்டு வழியாகக் கற்றவர்கள் மற்றவர்களைவிட 0.33 திட்ட விலக்கம் முன்னே இருந்ததாகக் கணக்கிட்டது. மதிப்பெண் குறைந்தவரிலிருந்து கூடியவர்வரை நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், நடுவில், ஐம்பதாவது இடத்தில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய 63ஆவது இடத்துக்கு முன்னேறும் அளவு அது. மாயாஜாலம் இல்லை, தள்ளிவிடக்கூடியதும் இல்லை.

இந்தச் சராசரியைவிட அதற்குள் இருக்கும் வேறுபாடுகள் சுவையானவை. ஒரே ஒரு முறை ஆடவிட்ட ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. பல அமர்வுகளாக ஆடியபோதே தெரிந்தது. அசல் போலத் தத்ரூபமாக வரைந்த விளையாட்டைவிட எளிய கோட்டுப்படம் கொண்டவை நன்றாகக் கற்பித்தன. வடிவமைப்பை மேம்படுத்திய விளையாட்டையும் அதே விளையாட்டின் சாதாரண வடிவத்தையும் ஒப்பிட்டால் வந்த வித்தியாசம் 0.34. அதாவது, விளையாட்டா வேண்டாமா என்பது எவ்வளவு முக்கியமோ, எந்த வடிவில் என்பதும் அவ்வளவு முக்கியம்.

பீட்டர் வவுட்டர்ஸ் குழுவின் 2013 தொகுப்பாய்வு இன்னொரு நம்பிக்கையை அசைத்தது. கற்றலில் 0.29, நினைவில் தங்குவதில் 0.36 என விளையாட்டு முன்னே இருந்தது. ஆனால் ஆர்வத்தைத் தூண்டுவதில் அது மற்ற முறைகளைவிட உறுதியாக மேல் என்று சொல்ல முடியவில்லை. ‘பிள்ளைக்கு ஆர்வம் வரும்’ என்பதற்காகவே விளையாட்டை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் எந்த விளையாட்டை, எப்போது, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிறார். விருப்பப்படி எடுத்து, விருப்பப்படி வைக்கும் சுதந்திரம் விளையாட்டின் உயிர். பள்ளிக்குள் வரும்போது அதில் பாதி போய்விடுகிறது. விளையாட்டோடு வேறு வகைக் கற்பித்தலும் சேர்ந்தபோதும், குழுவாக ஆடியபோதும் பலன் கூடியது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

வதோதராவிலிருந்து டெல்லிவரை

இதெல்லாம் பணக்கார நாட்டுப் பள்ளிகளின் கதை என்று ஒதுக்க முடியாது. வலுவான சோதனைகள் சில இந்தியாவில்தான் நடந்தன. குஜராத்தின் வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து கணக்கு விளையாட்டுகள் ஆடினார்கள். எந்தப் பள்ளிக்கு இது, எதற்கு இல்லை என்பது குலுக்கலில் முடிவானது. அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டூஃப்லோ, லே லிண்டன் நால்வரும் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டாம் ஆண்டில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. நடுவில் நின்ற பிள்ளை 68ஆவது இடத்துக்குப் போன மாதிரி. ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து அந்த உயர்வு 0.10 அளவுக்குக் கரைந்துவிட்டது. பழக்கம் நின்றால் பலனும் கரையும் என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை.

லிண்டன் 2008இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எச்சரிக்கை மணி. ஞான்சாலா என்ற அமைப்பின் குஜராத் பள்ளிகளில் ஒரே மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். வகுப்பு நேரத்தில் பாடத்துக்குப் பதிலாகக் கொடுத்த இடத்தில் மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் சரிந்தது. வகுப்புக்கு வெளியே கூடுதல் நேரமாகக் கொடுத்த இடத்தில் 0.28 ஏறியது. ஞான்சாலாவின் ஆசிரியர்கள் நன்றாகவே கற்பித்து வந்தவர்கள். நல்ல பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரையை வைத்ததன் விலை அது. ஒரு விளையாட்டு என்ன தருகிறது என்பதோடு, எதன் நேரத்தைத் தின்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியன் மூவரும் 619 மாணவர்களைக் கொண்டு ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளைச் சோதித்தார்கள். இது முழு விளையாட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் விளையாட்டின் அடிப்படை விதி ஒன்று இதில் இருக்கிறது. ஒரு நிலையைத் தாண்டினால்தான் அடுத்த நிலை. ஆறாம் வகுப்பில் இருந்த மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். மென்பொருள் அவர் நின்ற இடத்திலிருந்தே கேள்வியைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 உயர்வு. பள்ளிநேரம் முடிந்தபின் நடந்த மையங்களில், 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாகப் பயிற்றுநரோடு. திரை தனியாக நிற்கவில்லை.

சந்தைக் கணக்கும் சிலேட்டுக் கணக்கும்

இப்போது புளியங்கொட்டைப் பாட்டிக்குத் திரும்ப வழி கிடைத்துவிட்டது. 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை பார்க்கும் 1,436 பிள்ளைகளைச் சோதித்தது. இந்த எடைக்கு இவ்வளவு, அந்தக் காய்க்கு இவ்வளவு, மொத்தம் எவ்வளவு, மீதிச் சில்லறை எவ்வளவு என்று தாளும் பேனாவும் இல்லாமல் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே அளவு கடினமான, பள்ளி பாணியில் எழுதிய கணக்கில் தடுமாறினார்கள். கொல்கத்தாச் சந்தைப் பிள்ளைகளில் மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 32 சதவீதமே. சந்தை அனுபவம் இல்லாத 471 பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர் எதிர்: எழுத்துக் கணக்கில் தேவலாம், சந்தைக் கணக்கில் திணறல். பாலக்கோடு தக்காளி மண்டியிலோ பென்னாகரம் சந்தையிலோ அப்பாவுக்கு உதவும் பையனைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

விளையாட்டுக்கும் இதே விதிதான். டெல்லியில் ‘பிரதம்’ அமைப்பின் மழலையர் வகுப்புகளில் 1,540 பிள்ளைகளைக் கொண்ட சோதனையில், ஒரு பகுதியினருக்கு அளவையும் வடிவத்தையும் ஊகித்து ஆடும் விளையாட்டுகளைக் கொடுத்து மொய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கே, டூஃப்லோ உள்ளிட்டோர் 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஊகிக்கும் திறன் வளர்ந்தது. ஓராண்டுக்கு மேலும் நீடித்தது. பள்ளியில் எண்ணெழுதிக் கற்கும் கணக்குக்கு அது நீடித்த உதவி செய்யவில்லை. விளையாட்டிலிருந்து பாடத்துக்கு ஒரு பாலம் தானாக உருவாவதில்லை. ‘நீ இப்போது ஆடியதை எண்ணாக எழுதினால் இப்படி வரும்’ என்று யாராவது உட்கார்ந்து காட்ட வேண்டும். பாட்டி நிகழ்தகவைக் கற்றிருக்கிறார், தாயக்கட்டத்துக்குள் கற்றிருக்கிறார். கட்டத்திலிருந்து தாளுக்குப் போகும் பாலத்தை யாரும் அவருக்குப் போடவில்லை.

ஆடத் தெரிந்த விளையாட்டிலிருந்தே தொடங்கினால் அந்தப் பாலம் குறுகும். மேத்யூ காம் தலைமையிலான குழு வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் மூன்று சமூகங்களிடையே செல்பேசி ஆங்கில விளையாட்டுகளைக் கொடுத்தபோது, மேற்கத்திய வீடியோ கேம் விதிகள் கிராமப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. யாரைத் துரத்துவது, எது வெற்றி என்றே குழப்பம். குழு திரும்பிப் போய் அந்தப் பிள்ளைகள் ஆடும் 28 நாட்டு விளையாட்டுகளைப் பதிவு செய்து, அவற்றின் விதிகளைப் பிரித்துப் பார்த்து, அதன் அடிப்படையில் புதிய விளையாட்டைச் செய்தது. அதைப் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள். 2009இல் வெளியான இந்த ஆய்வு, பல்லாங்குழியையும் ஆடுபுலி ஆட்டத்தையும் வைத்திருக்கும் நமக்குச் சொல்வது அதிகம். மூன்று புலி, பதினைந்து ஆடு, சில கோடுகள்: இதில் முன்யோசனை இல்லாமல் ஒரு காயும் நகராது.

சித்தேரிக்கு எது ஏறும்?

ஆய்வுக் கட்டுரையிலிருந்து மலைக்கிராமத்துக்கு வரும்போது வேறு கேள்விகள் எழுகின்றன. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, வத்தல்மலை போன்ற இடங்களில் இணையத்தை நம்பி வகுப்பு நடத்த முடியாது. தரவிறக்கிவிட்டால் இணையமின்றி இயங்கும் விளையாட்டே இங்கே உதவும். கூகுள் 2020இல் தமிழிலும் கொண்டுவந்த ‘ரீட் அலாங்’ செயலி அப்படி இயங்கக்கூடியது. பிள்ளை வாய்விட்டுப் படிக்கும். செயலி கேட்டுத் திருத்தி நட்சத்திரம் கொடுக்கும். நட்சத்திரம் பெற வாசித்தாக வேண்டும் என்பதால் மனம் செய்யும் வேலை சரியான வேலைதான். கர்நாடக எல்லையோரம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையின் உச்சரிப்பையும் அது சரியாகக் கேட்கிறதா என்பதை அந்த வகுப்பு ஆசிரியர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, செல்பேசி யார் கையில் இருக்கிறது என்பது. கிராமப்புறக் கல்விநிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கையில், ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயது கிராமப்புறப் பிள்ளைகளில் சொந்தமாக அதை வைத்திருந்த பையன்கள் 36.2 சதவீதம், பெண் பிள்ளைகள் 26.9 சதவீதம். வீட்டுக்கு அனுப்பும் விளையாட்டு முதலில் அண்ணன் கைக்குத்தான் போகும். பள்ளியில், நேரம் ஒதுக்கி, இருவருக்கு ஒரு திரை என்று ஆடவிட்டால் தங்கைக்கும் பங்கு கிடைக்கும்.

நிலை அறிந்து தொடங்குவது தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் புதிதும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை எடுத்துக் கற்றல் ஏணியில் ஏறியது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பார்க்கிறது. ஒரு விளையாட்டை வாங்கும்போது, இது அரும்புப் பிள்ளைக்கும் மலர்ப் பிள்ளைக்கும் வேறு வேறு கேள்வி கேட்குமா என்று பார்த்தாலே பாதிச் சரக்கு கழிந்துவிடும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த சிங், மொரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆய்வில், 2021 டிசம்பரில் கணக்கில் 0.73 திட்ட விலக்கம் பின்னடைவு இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு இழப்பு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யின் பங்கு. மாலை நேரத்தில் தெருவிலேயே கூடிய தன்னார்வலர் வகுப்புகள் அவை. ஒரு விளையாட்டு போட்டிபோட வேண்டியது வெறும் கரும்பலகையோடு மட்டுமல்ல, இப்படிப்பட்ட ஏற்பாடுகளோடும்தான்.

பள்ளியிலேயே ஒரு சோதனை

நம் கல்வியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் வடிவம் ஒன்று: ஒரு பள்ளி, இரண்டு பிரிவு, ஒன்றுக்கு விளையாட்டு, மற்றதற்கு வழக்கமான பாடம், சில வாரத்தில் தேர்வு. விளையாட்டு ஜெயிக்கும். விளையாட்டை நடத்துபவர் உற்சாகமான ஆய்வாளர். மற்ற பிரிவுக்கு அந்த உற்சாகம் போவதில்லை. புதுப்பொருள் மீது வரும் கவர்ச்சி சில வாரம் தாங்கும், தேர்வும் அதற்குள் முடிந்துவிடும். கேள்விகள் விளையாட்டில் வந்தவை போலவே இருக்கும். இந்த மூன்று ஓட்டையையும் அடைக்க ஆய்வகம் தேவையில்லை. அரூரிலோ காரிமங்கலத்திலோ உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியரே செய்யலாம்.

எந்தப் பிள்ளை எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். இரு குழுவுக்கும் அதே ஆசிரியர், அதே நேரம். ஒரு குழு எண் விளையாட்டு ஆடினால், மற்றதும் சும்மா இருக்காமல் வேறொரு விளையாட்டு ஆடட்டும்; சீக்லரும் ரமணியும் வண்ணப் பலகையை வைத்தது அதற்காகத்தான். தேர்வில் மூன்று வகைக் கேள்வி வேண்டும்: விளையாட்டில் வந்த மாதிரி ஒன்று, பாடநூல் மாதிரி ஒன்று, சந்தையில் கேட்கும் மாதிரி ஒன்று. முதல் வகையில் மட்டும் மதிப்பெண் ஏறினால் பிள்ளை கற்றது விளையாட்டை. மூன்றிலும் ஏறினால் கற்றது கணக்கை. கோடை விடுமுறை முடிந்து வந்ததும் அதே தேர்வை மறுபடி வைத்தால் வதோதராவில் கரைந்தது இங்கே கரைகிறதா என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன், செயலியை ஆசிரியரே ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கலாம். பாடத்தைத் துளியும் யோசிக்காமல், திரையை மாற்றி மாற்றித் தட்டியே அடுத்த நிலைக்குப் போக முடிகிறதா? முடிந்தால் பிள்ளை அந்த வழியை ஆசிரியருக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். அந்த விளையாட்டுக்குச் செலவழிக்கும் காசுக்குப் பத்துப் பரமபத அட்டை வாங்கி, கட்டத்து எண்ணைச் சொல்லி ஆடவைப்பது மேல். முடியாவிட்டால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மனம் உழைத்தே ஆக வேண்டும் என்றால், அது திரையில் ஓடினாலும் திண்ணையில் உருண்டாலும் நல்ல பாடம்தான். விளையாட்டு பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பிள்ளை உடனே பதில் சொல்லிவிடும். அதில் எதைக் கற்றது என்பதற்குப் பதில் தேட வேண்டியவர்கள், அதைக் கையில் கொடுத்த பெரியவர்கள்.